ஞாயிற்றுக்கிழமை முதல் சொம்பு

என் அருமை ஏகாம்பரம் மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உத்திரமேரூர் சுகாதார நிலையத்தில் உன் நாற்காலியில் இப்போது நான்தான். கால் ஆடுகிறது. நாற்காலிக்குத்தான், எனக்கில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நம் உத்தியோகம் என்னவென்று ஊருக்கு இன்னும் விளங்கவில்லை. டாக்டர் ஊசி போடுவார், நர்ஸம்மா பிரசவம் பார்ப்பார். நாம் போய்ப் பேசுவோம். சர்க்கார் போடும் திட்டத்துக்கு ஊரைத் தலையாட்ட வைப்பதுதான் வேலை. "வாய்க்குச் சம்பளம் வாங்கற ஆளு" என்று உன் தங்கை என்னை இன்னும் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிக்கிறாள்.

இந்த வாரம் அவள் சிரிக்கவில்லை. செய்யாற்றங்கரையில் நீ கடைசியாகப் போன அதே ஊரில், மறுபடியும் வாந்திபேதி. பொதுக்கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டாக வேண்டும். ஆனால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். கரகத்துக்குத் தண்ணீர் எடுக்கிற கிணறு. ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி முடியும்வரை அதில் எதையும் கலக்கக் கூடாதாம். வீட்டுக்கு வீடு கொண்டுவரும் கூழைக் கோயில் அண்டாவில் கொட்டி, அந்தக் கிணற்றுத் தண்ணீரை விட்டுத்தான் கரைப்பார்கள். ஊரே குடிக்கும், குழந்தை குட்டிகளோடு.

நேற்று கூட்டம். என் பேச்சுச் சரக்கையெல்லாம் இறக்கினேன். நன்றாகச் சிரித்தார்கள். பவுடருக்கு மட்டும் தலையாட்டவில்லை; கடைசியில் நாட்டாமையிடம் இறங்கி வந்தேன்.

"தண்ணியக் காய்ச்சியாவது ஊத்துங்க, நாட்டாமை."

"காய்ச்சியே ஊத்தறோம் சார். ஆனா மொத சொம்பு நீதான் குடிக்கணும். உன் மச்சான் சிரிச்சிக்கினே குடிச்சாரு. நீ இன்னா, பயந்துக்கினு கீறே?"

"அவரு அப்பால பொழைக்கலியே?"

"ஆத்தாவே கூப்ட்டுக்கினா. குடுத்து வச்சவரு."

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், கை தானாகப் போனது.

"அவங்க குடுக்கறத நாம குடிச்சாதான், நாம சொல்றத அவங்க கேப்பாங்க" என்பாய். குடித்தாய். மறுநாளே உனக்கும் வாந்திபேதி; சலைன் பாட்டிலோடு ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியில் என் கையைப் பிடித்து, "காய்ச்சின தண்ணிதான்டா" என்றாய். அது எனக்குச் சொன்ன ஆறுதலா, இல்லை நீ நிஜமாகவே நம்பினாயா?

கூட்டம் நடந்தபோது உன் தங்கை கிணற்றடிக்குப் போயிருக்கிறாள், யார் என்று சொல்லாமல். தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாளாம்: "அண்டா அண்டாவா யாரு காய்ச்சறது, அக்கா? வெறகுக்கு எங்க போறது? போன வருசமும் காய்ச்சினோம்னு சொல்லித்தான் அந்த சாருக்குக் குடுத்தோம். நல்ல மனுசன், மறு சொம்பு கேட்டாரு."

மறு சொம்பு கேட்டாயா, மச்சான்?

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. "ஆம்பளைங்க தலையாட்டினா தண்ணி கொதிச்சிடுமா? நானும் வரேன்" என்று மட்டும் சொன்னாள். விறகுக்குச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமையே அவளும் நானும் போய் அண்டா பக்கத்தில் அடுப்பு மூட்டுகிறோம்.

உனக்கு ஒரு சத்தியம். என் கண்ணெதிரே கொதித்த தண்ணீர் என்றால், முதல் சொம்பு நான் குடிப்பேன். பச்சைத் தண்ணீர் ஒரு குடம் அதில் விழுந்தாலும், ஒருவர் வாயில் படுவதற்குள் அண்டாவைக் கவிழ்த்துவிடுவேன். ஆத்தாவின் கூழைக் கவிழ்த்தவனை அந்த ஊர் என்ன செய்யும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

இன்று காலை உன் நாற்காலிக்கு ஆணி அடித்து வைத்தேன். அடுத்து உட்காருகிறவராவது ஆடாமல் இருக்கட்டும்.

உன் தங்கையைக் கட்டிய பாவி,
உன் மச்சான் துரைசாமி