பத்தாவது பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், பக்கத்தில் அப்பாவும் இருப்பார். அதனால்தான் கடிதம். படித்ததும் உன் டிபன் பைக்குள்ளேயே வைத்துக்கொள்.

இங்கே வந்து ஏழு மாதம் ஆகிறது. மாடியில் ஒற்றை அறை. கீழ்வீட்டு அம்மா என்னைப் பார்த்தால் தண்ணீர் மோட்டாரைப் பற்றி மட்டும் பேசுவார். பள்ளியில் மற்ற டீச்சர்கள் நல்லவர்கள்தான். நான் பேச்சை யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையில் பால் கேட்கும்போது தொண்டை கரகரக்கிறது. அன்றைக்கு நான் பேசும் முதல் வார்த்தை அதுதான்.

இப்போது ஒரு சிக்கல். பதினோராம் வகுப்பில் புவியியல் நடத்தப் பத்துப் பேராவது வேண்டுமாம். ஒன்பது பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்குள் இன்னொருவர் சேராவிட்டால் பாடத்தை எடுத்துவிடுவார்கள். என் வேலையும் அதோடு போகும். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, கேட்டவுடன் மனதுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன். சும்மா இருந்தாலே போதும், வீட்டுக்கு வந்து உன் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு பெண் இருக்கிறாள், தையல்காரர் மகள். பரீட்சைக்கு முன் பத்தாம் வகுப்பில், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைபடமாக வரையச் சொன்னேன். ஒருவன் தன் வீட்டைத் தாள் முழுக்க வரைந்துவிட்டு, ஸ்கூல் பின்பக்கம் இருக்கு மிஸ் என்றான். இவள் மட்டும் காலடிகளை எண்ணி, நூறு காலடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு போட்டிருந்தாள். மருந்துக்கடை, தண்ணீர்த் தொட்டி, அதற்கடுத்து ஒரு சின்னச் சதுரம். பக்கத்தில் ‘மிஸ் வீடு’ என்று எழுதியிருந்தாள். இதுவரை என் மாடிப்படியில் யாரும் ஏறியதில்லை அக்கா. ஒருத்தி தினமும் என்னை அடையாளமாக வைத்து நடந்திருக்கிறாள்.

அவளுக்குப் புவியியல் வேண்டும். அவள் அப்பாவுக்கு வணிகவியல். நீங்க வந்து பேசுங்க மிஸ் என்றாள். நேற்று கடைக்குப் போனேன். அவர் மெஷினை நிறுத்தாமலே, இப்பல்லாம் போனே வழி சொல்லுது, இதைப் படிச்சு இவ யாருக்கு வழி சொல்லப் போறா என்று கேட்டார். பை ஜிப்பை மாற்றித் தர முடியுமா என்று கேட்டு, நன்றாக இருந்த பையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை வாங்கப் போக வேண்டும்.

நான் புவியியல் எடுக்கிறேன் என்ற அன்றைக்கு நம் அப்பாவும் இப்படித்தானே, பஸ் கண்டக்டராகப் போறாளா என்று கேட்டார். நீ உள்ளே போய்ப் பேசினாய். நான் விண்ணப்பத்தோடு கதவுக்கு வெளியே நின்றேன். குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்த அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் நீ பள்ளிக்கு வரவில்லை. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங்குக்குப் போய்விட்டாய்.

அப்பாவிடம் என்ன சொன்னாய் அக்கா? வியாழனுக்குள் எழுது. இத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருப்பதுதான் அது என்றால் எழுத வேண்டாம். அதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு அக்கா இல்லை. நானே ஏதாவது சொல்லிப் பார்க்கிறேன்.

கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
தங்கை