சரளாவிடம் சொல்லாமல் வைத்த கடிதம்

10 மார்ச் 2003, திங்கள்

யஷ்வந்த்பூரில் பஸ் முக்கால் மணி நேரம் அப்படியே நின்றது. பீன்யா தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேரும்போதே பாதி உயிர் போய்விட்டது. பத்தொன்பது வருடமாக இதே ரோடு, இதே புகை. நான் செய்வதோ கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் வேலை. அதற்கு எதற்கு இரண்டு பஸ்?

என் மனைவி சரளா அயர்லாந்து போய் ஐந்து மாதம் ஆகிறது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கே லிங்கராஜபுரம் வீட்டில் நானும் மகள் ஷெரிலும் தினமும் ரசம், அப்பளம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இரட்டைச் சடை போட எனக்கு இன்னும் வரவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. அவள் கண்ணாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போகிறாள்.

16 மார்ச், ஞாயிறு

சரளா போன் செய்தாள். "விசாவுக்கு இப்பவே போட்டுடலாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வந்துடுங்க. நீங்க இங்க வேலைக்குப் போக முடியாது, சட்டம் அப்படி. பரவால்ல, நான் பாத்துக்கறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனாலும் மத்தியானம் தட்டைப் பாதியிலேயே நகர்த்தி வைத்துவிட்டேன். நாற்பத்து மூன்று வயது ஆம்பளையை ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டுமா?

20 மார்ச்

வேலையை விடப்போகிறேன் என்று முதலாளி வெங்கடராமன் சாரிடம் சொன்னேன். மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எதுக்கு விடணும் யூஜின்? கம்ப்யூட்டரைத் தூக்கிண்டு போங்கோ. அங்க உக்காந்து வரைஞ்சு மெயில்ல அனுப்புங்கோ. நீங்க எங்க உக்காந்தா என்ன, கோடு நேரா இருந்தா சரி."

அப்பாடா! திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலி தெரியவில்லை.

5 ஏப்ரல், சனி

மூன்று நாளாக வீட்டிலிருந்தே வேலை, வெள்ளோட்டம் மாதிரி. டெலிபோன் லைனில்தான் இன்டர்நெட். ஒரு டிராயிங் போய்ச் சேர நாற்பது நிமிஷம். முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் ஷெரில் தோழிக்குப் போன் செய்ய ரிசீவரை எடுத்தாள், எல்லாம் போச்சு. கத்திவிட்டேன். பாவம், அழுதாள். மறுபடி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது.

12 ஏப்ரல்

சிவாஜிநகரில் மாடியில் உட்கார்ந்து விசா ஃபார்ம் நிரப்பித் தரும் நாணுவிடம் போனேன். என்ன தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே ஒரு கோடு போட்டான்.

"நான் டூல் டிசைனர்யா" என்றேன்.

"இங்க சார். அங்க நீங்க மேடத்தோட டிபெண்டண்ட். இந்தக் கேஸ்ல வேலைங்கிற பேச்சே எடுக்கக் கூடாது. கோடுதான் சேஃப்."

பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு கோடு! அதுவும் ஸ்கேல் வைக்காமல் கோணலாக.

16 ஏப்ரல், புதன்

சாரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கினேன். யூஜின் எங்கள் நிறுவனத்தின் மூத்த டிசைனர், அயர்லாந்தில் தங்கியிருக்கும் காலம் முழுவதும் இன்டர்நெட் வழியாக எங்களுக்கு வேலை செய்வார், சம்பளம் இங்கே தரப்படும் என்று. நான்கு முறை படித்தேன். மனைவியை நம்பி உட்கார வருகிறவன் இல்லை நான் என்று டெல்லி தூதரகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியட்டும். விசா விண்ணப்பக் கவரில் கடைசித் தாளாக வைத்துக் கூரியரில் போட்டேன்.

சரளாவிடம் சொல்லவில்லை. நாணுவிடமும்தான்.

7 மே

வரவில்லை.

30 மே

வரவில்லை. ஷெரில் கூரியர்காரனைக் கண்டால் கேட்டுக்கு ஓடுகிறாள். நேற்று அவன் அடுத்த வீட்டுக்கு வந்தவன்.

19 ஜூன், வியாழன்

வந்தது. ஷெரிலுக்கு விசா கிடைத்திருக்கிறது. எனக்கு இல்லை.

ஒரே பக்கம். சார்ந்து வருகிறவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. இணைத்துள்ள நிறுவனக் கடிதத்தின்படி, விண்ணப்பித்தவர் அங்கே தங்கி வேலை செய்யப் போவது தெரிகிறது. ஆகவே மறுக்கப்படுகிறது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

யார் வேலையைப் பிடுங்கினேன் நான்? சம்பளம் பீன்யாவில், என் டிராயிங்படி இரும்பு அறுபடுவது பீன்யாவில், நாற்காலி மட்டும்தானே அங்கே? அப்போ வேலை எந்த ஊரில் நடக்கிறது? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் மட்டும் என்ன ஆகிவிடும்?

அந்தக் கடிதம் இல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

22 ஜூன், ஞாயிறு

சரளா போனில் அழுதாள். "எல்லாருக்கும் வருது, உங்களுக்கு மட்டும் ஏங்க இப்படி?"

"தெரியலையே" என்றேன். தூ! என்ன மனுஷன் நான்.

29 ஜூன்

சரளாவின் தம்பி ஓஸ்வால்ட் வந்தான். மேஜையில் கிடந்த தாளை எடுத்துப் படித்தான். "இன்னா மாமா இது, நீங்களே எழுதிக் குடுத்து நீங்களே மாட்டிக்கினீங்களா? அக்காவுக்குத் தெரியுமா?"

தாளை அவன் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தேன்.

"நான் சொல்லமாட்டேன் மாமா. நீங்க சொல்லிடுங்க."

ஷெரிலாவது போகட்டும் என்று முடிவாயிற்று. அங்கே செப்டம்பரில் ஸ்கூல் திறக்கிறது. விசாவும் வீணாகிவிடும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

சரளாவோடு வேலை செய்யும் வீணா என்ற பெண் லீவுக்குக் கோலார் வந்திருந்தாள். அவளோடு ஷெரிலை அனுப்பினேன். காலை விமானம். சடையை மூன்று முறை அவிழ்த்துப் போட்டேன். "போதும்ப்பா, நேரமாச்சு" என்றாள். கண்ணாடிக் கதவு வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் வீணாவின் டிராலி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து டிராயிங் போட உட்கார்ந்தேன். ஒரு அளவும் சரியாக வரவில்லை. அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சரளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்கிட்ட கேட்டிருந்தா வைக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"அதான் கேக்கலையா?"

"ஆமா."

"நான் சம்பாதிக்கறது உங்களுக்கு அவ்ளோ கஷ்டமா இருக்காங்க?"

இல்லை என்றுதான் சொல்ல வந்தேன். வாய் வரவில்லை. அவளே போனை வைத்துவிட்டாள்.

14 செப்டம்பர்

ஞாயிறு போனில் இப்போது முக்கால்வாசி ஷெரில்தான் பேசுகிறாள். சரளா "சாப்பிட்டீங்களா" என்பதோடு சரி. சார் எனக்குச் சம்பளம் ஏற்றியிருக்கிறார். யாரிடம் சொல்ல?

12 அக்டோபர், ஞாயிறு

ஷெரில் ஸ்கூலைப் பற்றிப் பேசினாள். மழை, புதுத் தோழி, ஏதோ குதிரைப் படம். பாதி இங்கிலீஷ். பேசி முடித்து "ஓகேப்பா, பை" என்று வைத்துவிட்டாள்.

எட்டு வாரமாக ஒவ்வொரு முறையும் "நீ எப்பப்பா வர்ற?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். இன்று கேட்கவில்லை.



13 அக்டோபர், திங்கள்

ராஜினாமா கொடுத்தேன். வெங்கடராமன் சார் கதவைச் சாத்தினார். "வேலையை விட்டுட்டேள்னு ஒரு ரிலீவிங் லெட்டர் தரேன், பேருக்கு. வேலை பாட்டுக்கு மெயில்ல நடக்கட்டுமே. யாருக்குத் தெரியப் போறது?"

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்று பெருமை பேசவும் எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இன்னொரு முறை நான் செய்த காரியத்தால் ஏதாவது ஆனால் அந்த இரண்டு பேர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

"வேண்டாம் சார். நிஜமாவே விடறேன்."

கடிதத்தை அவரே டைப் அடித்துக் கொடுத்தார். மூன்று வரி. புது விசா விண்ணப்பத்தோடு கூரியருக்குப் போகும் வழியில் ஐஎஸ்டி பூத்தில் ஏறி சரளாவைக் கூப்பிட்டேன். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மூன்று வரியையும் படித்துக் காட்டினேன். "இதை வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வைங்க" என்றாள். பிறகு, "ஸ்வெட்டர் எதுவும் அங்க வாங்காதீங்க. இங்க குளிருக்கு அதெல்லாம் தாங்காது. நான் வாங்கி வெக்கறேன்" என்றாள்.

சரி என்றேன்.