வசந்திக்கு மறைத்த இரண்டு வழிகள்

என் அன்புத் தங்கச்சி வசந்தி,

"அண்ணை, இந்த மருந்து என்னைச் சுகப்படுத்துமோ, இல்லாட்டி உயிரோடை இருக்கிற நாளைக் கொஞ்சம் கூட்டித் தருமோ? டொக்டரிட்டை வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ." அன்று ஆஸ்பத்திரி அறையில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். அதற்கான பதிலை டொக்டர் ஏற்கெனவே ஆங்கிலத்தில் சொல்லி முடித்திருந்தார்.

புற்றுநோய் நுரையீரலிலிருந்து எலும்புவரை போய்விட்டது, எந்த மருந்தும் அதை முற்றாக அகற்றாது என்றார். மூன்று வழிகள் சொன்னார். நரம்பில் ஏற்றும் மருந்து: சிலருக்குக் கட்டியைச் சுருக்கிச் சில மாதங்கள் தரும், சிலருக்கு வாந்தியும் களைப்பும்தான் மிச்சம். வீட்டிலிருந்து விழுங்கும் குளிசை: உபாதை குறைவு, உன் விஷயத்தில் பலனும் குறைவாக இருக்கலாம். மூன்றாவது, நோவுக்கும் மூச்சுமுட்டலுக்கும் மட்டும் மருந்து.

உன் மகன் குகன் உனக்கு மொழிபெயர்த்தது ஒரே வரி. "அம்மா, ஊசி மருந்து ஏத்தினாச் சுகம் வரும்."

நீ என்னைப் பார்த்தாய். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த நான் தலையாட்டி, "ஓம்" என்றேன்.

வான்கூவரில் மகளோடு ஒரு மாதம் இருக்க ஆசைப்பட்டாய். மருந்து முடியட்டும், சுகமாகிப் போவோம் என்று தள்ளிவைத்தாய். வாய் புண்ணாகி, விரல்கள் விறைத்து, நாலாம் முறை மருந்து ஏற்றியபின் நீ எழும்பவேயில்லை; அப்படியே போய்விட்டாய். உண்மை தெரிந்திருந்தால் முதல் கிழமையே விமானம் ஏறியிருப்பாயா?

கேள்வித்தாளில் மூன்று விடைகளில் இரண்டை அழித்துவிட்டு, "சரியானதைத் தெரிவுசெய்" என்று ஒரு பிள்ளையிடம் கொடுத்தால் அந்த வாத்தியாரை என்ன செய்வது? நாங்கள் அதைத்தான் செய்தோம். "அம்மா தாங்கமாட்டா" என்று பிள்ளைகள் சொன்னார்களே, இரண்டு பிள்ளைகளோடு தனியாக நாடு தாண்டி வந்த நீயா தாங்கமாட்டாய்? உன் முன்னால் அழப் பயந்தவர்கள் நாங்கள். குகன் இன்றும் "நல்லதுக்குத்தானே மாமா" என்கிறான். எனக்குப் பற்றியெரிகிறது.

போன கிழமை, டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் செல்வம் அண்ணையின் மகள் வந்தாள். அவருக்கும் உன் நோய்தான்.

"மாஸ்டர், அப்பாவோடை வந்து மொழிபெயர்த்து விடுங்கோ. ஆனா எல்லாத்தையும் சொல்லிப்போடாதேங்கோ."

"பொய் சொல்லிறதுக்கு நான் என்னத்துக்கு? அதுக்கு நீயே போதும்!" என்று கத்திவிட்டேன். பிள்ளை அழுதாள். பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லச் சம்மதித்து, ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டெடுத்தாள்.

செல்வம் அண்ணை மூன்று வழிகளையும் அந்த மொழிபெயர்ப்பாளர் வாயால் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சுகம் வராது, கொஞ்சம் இழுக்கலாம். அப்பிடித்தானே? சரி, ஏத்துங்கோ. உபத்திரவம் கூடினா நானே நிப்பாட்டச் சொல்லுவன்."

நீ எடுத்த அதே ஊசி மருந்துதான், வசந்தி. அவர் தெரிந்து எடுக்கிறார்.

இனி எந்த நோயாளிக்கும் முன்னால் அரைகுறையாக மொழிபெயர்க்க மாட்டேன், மொழிபெயர்ப்பவரைப் பார்த்துத் தலையாட்டவும் மாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

இதை வாசிக்கிறவர்களே, அடுத்தமுறை உங்கள் வீட்டு நோயாளியை டொக்டரிடம் கூட்டிப்போக முன்னர் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, வீட்டார் அல்லாத ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

உன்னிடம் பொய்க்கு "ஓம்" சொன்ன
அண்ணன்