கீழ்க் கண்ணில் சந்தனம்

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். சாலைத் தெரு முழுக்க வெல்ல மண்டியின் வாசனை. பாஸ்போர்ட் படங்கள் வெட்டும் வேலை. எண்ணெய் மில்காரர், அவர் மனைவி, கல்ஃபுக்குப் போகிற ஆட்கள். எல்லா முகமும் ஒரே அளவு.

பத்து மணிவாக்கில் கீழே சுமட்டுக்காரர்கள் சண்டை. சீனி லாரியை யார் இறக்குவது என்று. ஒருவன் மூட்டைக் கொக்கியை இன்னொருவன் தோளில் மாட்டி இழுத்தான். மூட்டையை இழுப்பது போலவே. முதலில் சட்டை கிழிந்த சத்தம். பிறகுதான் கத்தினான். மாமா ஸ்டூடியோ ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "அடிக்கத் தெரியாத பயலுவ" என்றார்.

மாமாவுக்குத் தெரியும். கேமராவின் தோல் வாரை இரண்டாக மடித்து, பக்கிள் வெளியே இருக்கும்படி பிடித்துக்கொள்வார். இன்று எனக்கு முழங்கைக்கு மேலே. காரணம், நேற்று ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தில் மோவாய்க்குக் கீழே நிழல். "கொஞ்சம் முகத்தைத் தூக்குங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அந்நிய முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்திலும் இதே கதை. ஒன்பதோடு நின்றதற்கு அப்பா செத்தது ஒரு காரணம், இது இன்னொன்று. அம்மா தன் தம்பி வீட்டுக்கு வந்தாள். நான் அந்த மாமாவின் கடைக்கு வந்தேன். வீடு மேலே, கடை அதற்குக் கீழே, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயங்காலம் கலர் ரோல்களைக் கொடுக்கப் பழவங்காடி லேபுக்கு. லேப் ரோசம்மா சேச்சியுடையது, மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். என் கையைப் பார்த்தார். பிறகு:

"கொச்சே, உனக்குப் படம் எடுக்கத் தெரியுமோ?"

தலையாட்டினேன்.

"எங்கில் நீயே எடுத்தது ஆறு படம் கொண்டு வா. மாமன் எடுத்தது வேண்டா. ஃபிலிம் இங்க, என் முன்னாலதான் கழுவணும். நல்லா இருந்தா இங்கேயே நிக்கலாம். பின்னால ரெண்டு பெண்பிள்ளைங்க தங்குது. மூணாவது கட்டில் சும்மா கெடக்கு."

மூணாவது கட்டில். திரும்பி வரும் வழி முழுக்க அது மட்டும்தான்.

ஆனால் யாரை எடுப்பேன்? யாரிடம் போய் நில் என்று சொல்வேன்?

அக்டோபர் 8, புதன்

மூட்டம். மழை இல்லை. கைவீக்கம் பச்சையாகிவிட்டது.

விமானப்படைக்காரர் ஒருவர் படம் எடுக்க வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். மலையாள ஊரில் நம் பேச்சைக் கேட்டதும் அவருக்கு வாய் நிற்கவில்லை. ஆக்குளம் பக்கம் ஒரு மைதானத்தில் பழைய விமானங்களை நிறுத்திக் காட்சிசாலை மாதிரி வைத்திருக்கிறார்களாம்.

"எல்லாம் சண்டைக்குப் போயிட்டு வந்ததுலா. வெள்ளிக்கிழம கடைசி நாளு. அன்னைக்கு மட்டுந்தான் கேமரா உள்ள விடுவாவ. மத்த நாளு வாசல்லயே வாங்கி வச்சிருவாவ."

மாமா கேட்டார், "பறக்குமா?"

"எங்க பறக்க? உள்ள இருக்கதெல்லாம் கழத்தியாச்சு. பிள்ளையாரு முன்னால எலி நிக்க மாதிரி நிக்கி."

விமானம். கண் சிமிட்டாது. வெட்கப்படாது. முகத்தைத் தூக்கச் சொல்ல வேண்டாம்.

இருட்டறையில் டிரே கழுவும்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை மகாநவமி. நாளை சாயங்காலமே கேமராக்கள் பூஜைக்குப் போய்விடும். சனிக்கிழமை காலை பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது.

அக்டோபர் 9, வியாழன்

பூஜை வைப்பு. நான் பூ வாங்கப் போன நேரத்தில் அம்மா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருப்பவை:

கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் பெரிய கேமரா.
பழைய இரட்டைக் கண் கேமரா. விஜயதசமியன்று முதல் படம் எப்போதும் இதில்தான்.
மர ஸ்டாண்டு. மூன்று காலுக்கும் மூன்று பொட்டு.
கத்திரி. படம் வெட்டும் பலகை.
என் பேனா.
தோல் வார். அதற்கும் பொட்டு.

அப்படியானால் சனிக்கிழமை வரை வார் இல்லை. கை மட்டும்.

போன வருஷம் நவமியன்று அரிசிச் சாக்கின் கட்டை அறுக்க அம்மா பூஜையில் இருந்த கத்திரியை எடுத்துவிட்டாள். மாமா அவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். சத்தம் போடாமல், மெதுவாக, தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. அம்மாவுக்கு நடுவிரல் நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது.

கத்திரிக்கு அது. கேமராவுக்கு என்ன?

அலமாரியில் தேதி கடந்த கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று கிடக்கிறது. மாமா அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று எழுதக் கூடாத நாள். பேனா பூஜையில். இது படங்களைத் திருத்துகிற ரீடச்சிங் பென்சில். கண்ணில் படாமல் தப்பித்த ஒன்று.

மாமா காலையிலேயே கூட்டாளிகளோடு கோவளம் போனார். குடித்துவிட்டு இருட்டிய பிறகுதான் வருவார். அம்மா கோயிலுக்கு. நான் விளக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள்.

எடுத்தேன். இரட்டைக் கண் கேமராவை. பெரியதன் உள்ளே பாதிக் கல்யாணம் இருக்கிறது, தொட முடியாது. அலமாரி ரோலை உள்ளே போட்டேன். மூடியின் மேல் பொட்டு காய்ந்திருந்தது. உதிராமல் இருக்க மூடியோடு கைக்குட்டையில் கட்டித் துணிப்பையில் போட்டேன். வார் அங்கேயே கிடந்தது. படியிறங்கும்போது ஓடினேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆக்குளத்தில் இறங்கும்போது சுள்ளென்று வெயில்.

விமானங்கள் நான் நினைத்ததைவிடச் சிறியவை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றின் பெயர் டகோட்டா. வயிறு பெருத்தது. ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றுவதாம். பக்கத்தில் நாட் என்று ஒரு குட்டி விமானம், ஒரு வேன் அளவுதான். அதன் இரண்டு பக்கமும் துப்பாக்கிக் குழாய். வெள்ளைக் கோட்டுக்குள் வரிசையாகக் குண்டுகள், வாழைக்காய் வடிவில், புதுப் பெயிண்ட் அடித்து. ஒரு குழந்தை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டு போனது. அதன் அப்பா, "மோனே, பொட்டும்" என்றார், வெடித்துவிடும் என்று. குழந்தை, "பொட்டட்டே" என்றது, வெடிக்கட்டுமே என்று. எல்லோரும் சிரித்தார்கள்.

வெயில் உச்சியில். லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கி எடுத்தேன். மூடியைப் பையின் உள்ளேயே கையால் தடவிக் கழற்றிக்கொள்வேன். வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, குனிந்து மேல் கண்ணாடி வழியே பார்க்கிற கேமரா. குனிந்திருப்பதால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"ஸ்டூடியோப் பிள்ளேலா? மாமா வரலியா?"

அந்தத் தூத்துக்குடிக்காரர். யூனிபாரத்தில், கையில் ஒரு குச்சியோடு.

எனக்கு உயிர் போனது. பிறகு எப்படி வந்ததென்று தெரியவில்லை, "மாமாட்ட சொல்லாதீங்க" என்றேன். அந்நிய மனிதரிடம் நானாகச் சொன்ன முதல் வார்த்தை.

அவர் என் கையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். "நான் என்னத்துக்குச் சொல்லப் போறேன்" என்றார்.

நாட் விமானத்தின் இறக்கையில் ஓரிடத்தைக் குச்சியால் காட்டினார். குண்டு துளைத்த இடமாம். தகரம் வைத்துச் சுற்றிலும் ஆணி அடித்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. "இவ்வளவு குட்டியா இருக்கேன்னு நெனைக்காத. தாழப் பறந்து வந்து சுட்டான்னா கூரையெல்லாம் பஞ்சு பஞ்சாப் போவும்" என்றார். நான் கேட்டேன், "மேல இருக்கவங்களுக்குக் கேக்குமா?" அவர் யோசித்தார். "எஞ்சின் சத்தத்துல எங்க கேக்க. கீழ நிக்கவனுக்குத்தான் கேக்கும்."

சாலைத் தெருவின் மேலே அது தாழப் பறந்து வருவதாக நினைத்துப் பார்த்தேன். எங்கள் ஓடுகள் சிதறுகின்றன. அம்மா கோயிலில் இருக்கிறாள், நான் இங்கே இருக்கிறேன். வீட்டில் ஒரே ஒரு ஆள். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. நன்றாக இருந்தது.

இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்தது. இடி. கூட்டம் முழுவதும் டகோட்டாவின் இறக்கைக்கு அடியில் ஓடியது. நான் ஓடவில்லை. வெளிச்சம் போனதால் லென்ஸை முழுக்கத் திறந்தேன். இறக்கைக்கு அடியில் ஜனம். தகர ஒட்டு. குண்டுகளின் மேல் முதல் துளிகள். கடைசியாக நாட் விமானத்தின் மூக்குக்கு நேரே போய் நின்றேன். இரண்டு குழாயும் இரண்டு பக்கமும். அது என்னைப் பார்த்தது. நான் நகராமல் எடுத்தேன். ரோல் முடிந்தது.

மூன்றரைக்குள் வீடு. கேமரா அதே இடத்தில், அதே கோணத்தில். மூடிப் பொட்டின் ஓரம் உதிர்ந்திருந்தது, கொஞ்சம் சந்தனம் குழைத்து ஒட்டினேன். ரோல் அரிசிப் பானைக்குள்.

யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 11, சனி

லேபின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஏழு மணிக்குப் பூஜை எடுப்பு. நல்ல வெயில். வருஷம் முழுக்கத் தொழில் நடக்க வேண்டுமென்று இன்று ஒவ்வொரு கருவியையும் எடுத்து ஒரு முறையாவது வேலை செய்ய வேண்டும். மாமா கத்திரியால் ஒரு காகிதம் வெட்டினார். இரட்டைக் கண் கேமராவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடியைத் திறந்தார்.

கீழ்க் கண்ணின் நட்டநடுவில் சந்தனப் பொட்டு. காய்ந்து வெடித்து, நடுவே குங்குமத்தோடு.

நான் அதைப் பார்க்கவே இல்லை. கேமராவின் முகம் எப்போதும் என்னைவிட்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பார்த்தது மேல் கண் வழியே. படம் விழுவது கீழ்க் கண் வழியே.

"ஆருட்டீ இது? லென்ஸுல சந்தனத்த அப்புனது ஆரு?"

அம்மா முன்னால் வந்தாள். "நாந்தான் வச்சேன். மூடிக்கு மட்டும் வச்சாப் போதாதுன்னு தெறந்து பாத்தேன், ரெண்டு கண்ணு இருக்கு, எதுல வைக்கன்னு தெரியல. மேல உள்ளதுதான் பாக்குற கண்ணுன்னு பிள்ள ஒருநாள் சொன்னா. பாக்குற கண்ண மறைக்கக் கூடாதேன்னு கீழ வச்சேன்."

நான் சொன்னதுதான். எப்போதோ, அம்மா கேட்டபோது. பாதி மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மாமா வாரை எடுத்தார். அதன் பொட்டு இன்னும் அழியவில்லை. கருவிகளெல்லாம் வேலை செய்ய வேண்டிய நாள் அல்லவா. முதல் அடி அம்மாவின் கழுத்தில். இரண்டாவது காதில். பக்கிள் காது மடலைக் கிழித்தது. அம்மா உட்கார்ந்து தலையைக் கைகளால் மூடினாள், கோணல் நகம் மேலே தெரிந்தது. "ரெண்டு கண்ணாட்டீ, ரெண்டு கண்ணா" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்.

ஸ்டாண்டு என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. மடக்கிய மூன்று காலும் சேர்ந்து கனமான கட்டை. முழங்கால் பக்கவாட்டில் அடித்தேன். தேங்காய் விரிகிற மாதிரி ஒரு சத்தம். மாமா சரிந்தார். சரிந்து என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில், ஆச்சரியம்.

இரண்டாவது அடி தேவையில்லை. அடித்தேன். புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது அம்மா ஸ்டாண்டின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுக் கீழேயிருந்து ஒரு சுமட்டுக்காரர் ஏறி வந்தார். "எந்தா இவிடே?"

அம்மா, காதில் ரத்தத்தோடு, "ஸ்டாண்டு விழுந்துட்டு" என்றாள்.

அவர் மூன்று பேரையும் பார்த்தார். "ம். வலிய ஸ்டாண்டு" என்று சொல்லி மாமாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்.

அம்மா ஈரத்துணியை மாமாவின் நெற்றியில் அழுத்தினாள். திரும்பாமலே என்னிடம், "அரிசிப் பானையில உள்ளத எடுத்துட்டுப் போ" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நீ?"

"நான் இவன் தல ரத்தத்த நிறுத்தணும். போ மக்ளே."

செருப்புப் போடாமல் பழவங்காடி வரை.

அக்டோபர் 12, ஞாயிறு

ராத்திரி முழுக்க மழை. மூணாவது கட்டிலில் படுத்தேன், ஆனால் என்னுடையது இல்லை, படம் வரும்வரை.

லேப் விடுமுறை. ரோசம்மா சேச்சி சர்ச்சுக்குப் போய்க் குர்பானைப் பூசை முடித்து வந்து, சேலையைத் தூக்கிச் செருகி, ஃபிலிமைக் கழுவினார். நான் பக்கத்தில்.

முதலில் எடுத்தவை எல்லாம் கண்ணாடி மாதிரி வெறுமை. டகோட்டா இருக்கவேண்டிய இடத்தில் மூச்சு பட்ட மாதிரி ஏதோ. சேச்சி உச்சுக்கொட்டினார். எனக்குப் புரிந்தது. வெயிலில் துவாரத்தைச் சுருக்கியபோது மிஞ்சிய சின்ன வழியை அம்மாவின் பொட்டு அப்படியே அடைத்துவிட்டது.

மழைக்காக முழுக்கத் திறந்தபோது சந்தனத்தைச் சுற்றி வெளிச்சம் உள்ளே வந்திருக்கிறது. கடைசி நான்கு வந்தன. ஜனம், தகர ஒட்டு, துளிகள், மூக்கு. எல்லாம் கொஞ்சம் புகைந்து. மூக்குப் படத்தில் அந்தப் புகை இரண்டு குழாயிலிருந்தும் வருகிற மாதிரி, இப்போதுதான் சுட்டு முடித்த மாதிரி.

சேச்சி அதை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இதின் முன்னால நீ நின்னியோ?"

"நின்னேன்."

"ஆறு கேட்டேன். நாலே இருக்கு."

நான் டிரேயைக் கழுவ எடுத்தேன்.

"பாக்கி ரெண்டு பின்ன எடுத்துத் தா. இங்க ஆரும் அடிக்க மாட்டா. நான் திட்டுவேன், அது கேட்டுக்கணும்." பிறகு, "பெட்ஷீட் அலமாரில உண்டு" என்றார்.

அழவில்லை. படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாசனையில் கண் எரிந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

வெயில். முதல் வேலை படம் கழுவுகிற டிரம்மைத் தேய்ப்பது. கூட இருக்கும் பெண்கள் பிந்து, ஷைலஜா. பிந்து தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள்.

வாசலில் மாமாவின் உயரத்தில் ஆள் வந்தாலே மேஜைக்குக் கீழே குனிந்துவிடுகிறேன். குனியும்போது கை தானாக டிரம்மின் கைப்பிடியைத் தேடிப் பிடிக்கிறது. இது முன்பு இல்லை.

பதினொரு மணிக்கு அம்மா. காதில் பிளாஸ்திரி. உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள். மாமாவுக்கு நெற்றியில் தையல், முட்டில் கட்டு, நொண்டுகிறார். கேட்பவர்களிடமெல்லாம் ஸ்டாண்டு விழுந்தது என்றே அவரும் சொல்கிறாராம்.

"நீயும் வந்துரேன்மா."

"இன்னைக்கு இல்ல" என்றாள். துணிப்பையைக் கொடுத்தாள். "அடில உள்ளத நான் போன பொறவு பாரு."

அவள் போகும்வரை நான் காத்திருக்கவில்லை. இரண்டு சுடிதார், சீப்பு, என் பேனா. அடியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். உள்ளே தோல் வார். பாஸ்போர்ட் படம் வெட்டுகிற கத்திரியால், பாஸ்போர்ட் படம் அளவுக்குத் துண்டு துண்டாக. பக்கிள் தனியாக.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கோணல் நகத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"இத வீடு முழுக்கத் தேடிட்டிருக்கான்" என்றாள்.