செராயா தோட்டத்துக்கு மூன்று முகவரி

மம்பாவ்,
3 மார்ச் 2026

அன்புத் தம்பி தர்மராஜுக்கு,

குமுதா அக்கா எழுதுகிறேன். பெர்த்தில் நீயும் மனைவி பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சல் போட்டேன், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. அதனால் பாரோய்க்குப் போய் உன் அம்மாவிடம் வீட்டு முகவரி வாங்கித் தபாலில் போடுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செராயா டாட் ஆர்க் என்ற நம் இணையதளப் பெயருக்கு இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதியோடு தவணை முடிகிறது. உன் பெயரில் எடுத்தது, உன்னால்தான் புதுப்பிக்க முடியும். நினைவூட்டலும் உன்னுடைய அந்தச் செத்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். விட்டுவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

எண்பது வீடு கொண்ட ரப்பர் தோட்டம் நம் செராயா. தோட்டம் மூடியபின் ஆட்கள் தம்பின், ரெம்பாவ், பாரோய் என்று சிதறிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் பூப்படங்களுக்கு நடுவே இழவுச் செய்தி காணாமல் போகிறது என்று நீதான் அந்தத் தளத்தை அமைத்தாய். பெரியவர்கள் போனில் அதை ஒரு பொத்தானாக வைத்துக் கொடுத்தாய். அமுக்கினால் யார் தவறினார், எத்தனை மணிக்கு எடுப்பு என்று தெரிந்துவிடும். இழவு வீட்டுக்காரர் யாரையும் கூப்பிடக் கூடாது, சேதிதான் போய்ச் சேர வேண்டும் என்பது நம் தோட்டத்து வழக்கம். அதற்கு அது தோதாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ரசாவில் நடந்த நம் தோட்டத்துச் சங்கக் கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். எங்கள் அண்ணன் வசந்தன் உன்னைப் பார்த்து, "தளத்த கையில வெச்சிக்கிட்டு நீ என்ன எங்களுக்குக் கங்காணியா?" என்று கேட்டார். உன் தாத்தா கங்காணியிடம் பட்ட அடி தோட்டம் முழுக்கத் தெரிந்தது. அந்த வார்த்தை உன்னை எப்படிச் சுட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். சங்கச் செயலாளர் என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. நீ எழுந்து போனாய், உன்னோடு உன் தங்கை ரோகினியும் வாட்ஸ்அப் குழுவை விட்டு விலகினாள்.

அண்ணன் சும்மா இருந்தாரா? அதே செராயாவுக்கு டாட் ஃபேமிலி என்று வால் போட்டு ஒன்று திறந்தார். ஃபுட்சல் பந்தாட்டக் குழுக்காரர்கள் டாட் கிளப் என்று இன்னொன்று. நான் வேலை செய்யும் வழக்கறிஞர் ஆபீசில், இந்த வருஷம் இன்னும் புது வால்களுக்கு விண்ணப்பம் வாங்கப் போகிறார்களாம் என்று பேச்சு வந்தது. இணையத்துக்கு இத்தனை தேவையா என்று கேட்டேன். தேவைதான் என்றார் என் முதலாளி. யோசித்தால் ஒரு வகையில் சரி. தம்பின் குலாம் முகம்மது பாய் கடைக்கு டாட் காம் கிடைக்கவே இல்லை, எந்த நாட்டிலோ யாரோ முந்திக்கொண்டு சும்மா வைத்திருக்கிறார். புது வாலோடு வாங்கினார், இப்போது சாப்பாட்டு ஆர்டர் நன்றாக வருகிறதாம். புதிதாக வருகிறவருக்கு இடம் வேண்டும்தான். ஆனால் சண்டை போட்டுக்கொண்டு போகிறவருக்கும் அதே சுலபத்தில் இடம் கிடைத்துவிடுகிறதே. ஒரே ஒரு பெயர்தான் கிடைக்கும் என்றிருந்தால், முறைத்துக்கொண்டாவது ஒரே மேசையில் உட்கார்ந்திருப்போம்.

ஜனவரியில் ரதி அண்ணி தவறியதை ரோகினி சொல்லியிருப்பாள். செய்தி போட்டது நான். அண்ணன் மனைவி போன செய்தி, அண்ணன் தளத்தில் மட்டும் போட்டேன். உன் தளத்தில் போடும் கடவுச்சொல்லும் என்னிடம் இருந்தது. அவ்வளவு கோபத்திலும் நீ அதை எடுத்துவிடவில்லை. இரண்டிலும் போட இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அண்ணன் முகம் சுளிப்பாரோ என்று போடவில்லை. பெரியவர்கள் பழைய பொத்தானை அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒன்றும் இல்லை.

முப்பது பேர்கூட வரவில்லை. அதுகூடப் போகட்டும். அண்ணிக்குப் பெற்றவர்கள் இல்லை, தாயாக நின்று கட்டிக்கொடுத்தது உன் அம்மா முத்தாயி பெரியம்மாதான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை அவர் கையால்தான் விழ வேண்டும். வருவார், வருவார் என்று எடுக்கும் நேரம் வரை பார்த்தோம். சேதி போயிருக்கும், உன் விஷயத்தில் இருக்கும் கோபத்தில் வரவில்லை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். கடையில் அவசரமாக வாங்கிய சேலையை நானே போர்த்தினேன்.

மறுநாள் பாரோய் பசாரில் யாரோ சொல்லக் கேட்டு, ரோகினியோடு பெரியம்மா வந்தார். கையில் மஞ்சள் தடவிய புதுச் சேலை. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனைப் பார்த்து, "நான் கோடி போடாம எம் பொண்ணு எப்படிய்யா போனா?" என்று கேட்டார். அண்ணன் அந்தச் சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். செய்தி போட்டவள் நான்தானே. இன்னும் பெரியம்மாவிடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை, உன்னிடம் சொல்லிவிட்டேன்.

கருமாதி முடிந்ததும் அண்ணன் தன் தளத்தை மூடச் சொல்லிவிட்டார். பழைய பெயரே இருக்கட்டும், அவனுக்கு எழுது என்றார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது, உனக்குத் தெரிந்த ஆள்தானே. அவருக்கும் சேர்த்து நான் கேட்கிறேன். ஃபுட்சல்காரர்கள் தங்கள் தளத்தைப் பந்தாட்டத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு வால் போட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்களேன் என்பாய். எடுக்கலாம்லா, எத்தனையோ கிடைக்கிறது. ஆனால் வயதானவர்கள் விரல் பழைய இடத்துக்குத்தான் போகிறது. நீ திரும்ப வந்து நடத்த வேண்டாம், பெயரை மட்டும் விட்டுவிடாதே. செய்தி போடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெரியம்மா ஜனவரிக்குப் பிறகு கொஞ்சம் இளைத்திருக்கிறார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் மாதம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். நான் போனபோது தினம் காலையில் செய்வதுபோல உன் பொத்தானைத்தான் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரியம்மன் உன் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது. முடிந்தால் பள்ளி விடுமுறையில் ஒரு நடை வந்து போ. பெரியம்மா நன்றாக இருக்கும்போதே அந்தப் பெயரைப் புதுப்பித்துவிடு, தம்பி.

உன் அக்கா,
குமுதவல்லி