வாழைத்தண்டில் நின்ற முள்

நீர்வேலி,
ஆவணி 1994

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் மச்சாளும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கந்தசுவாமியாரை வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஐயா உறங்கிவிட்டார், குப்பிவிளக்கைக் குறைத்து வைத்து அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

லண்டனில் உங்களிடம் வந்திருந்தபோது ஐயாவின் வயிற்றில் வைத்த பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயரின் மின்தடையை அடிக்கடி பார்க்க வேண்டும், வயர் முறிந்தால் தடை ஏறிவிடும், பிறகு இதயம் தடுமாறும்போது பெட்டி அடிக்கும் மின்சாரம் போய்ச் சேராது என்று நீங்கள்தானே எழுதினீர்கள். அதைப் பார்க்கும் கருவி கொழும்பில்தான் இருக்கிறது, ஐயா போகவில்லை. போன கிழமை தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றவர் யாரோ உதைத்ததுபோலத் துள்ளி விழுந்தார். கேட்டால் வாய்க்காலிலை இடறிப்போட்டன் என்கிறார், பெட்டி அடித்ததென்றே நான் நினைக்கிறேன். மறுநாளே ரேடியோ திருத்தும் முத்துக்குமாரண்ணையைக் கூப்பிட்டார். அவர் மின்தடை அளக்கும் தன் மீற்றரின் இரண்டு கம்பிகளையும் ஐயாவின் தோலில் வைத்தார், முள் அசையவில்லை. குளிச்சிட்டு வாங்கோ அண்ணை என்றார். குளித்து வந்ததும் முள் நகர்ந்தது, வயர் நல்லாக் கிடக்கு என்றார். குளித்தால் உள்ளே இருக்கும் வயர் எப்படி நல்லதாகும்? அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் கம்பிகளை முற்றத்தில் கிடந்த வாழைத்தண்டில் குத்திப் பார்த்தேன். முள் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றது. அவர் கண்டுவிட்டு, என்ன பிள்ளை, வாழைக்கும் நெஞ்சு வருத்தமோ என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை, இவர் ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் வெளிக்கிட்டபோது வாசல் படலையடியில் ஐயா அவரிடம் மெல்லக் கதைத்தது எனக்குக் கேட்டுவிட்டது. உது தோலைத்தான் பாக்குதெண்டு எனக்கும் தெரியும் முத்துக்குமாரு, பிள்ளைக்கு முன்னாலை மட்டும் நல்லாக் கிடக்கெண்டு சொல்லு என்றார். இனி யாரை நம்புவது அண்ணை? அம்மாவும் இல்லாத வீட்டில் என்னைத் தனியே விட்டுப்போக அவருக்கு மனமில்லை, கொழும்புக்குப் போகக் கடக்க வேண்டிய, நேவி சுடுகிற கிளாலிக் கடலில் என்னைப் படகேற்றவும் பயம்.

மீற்றர் வைத்துப் பார்த்தது, சுகம் என்று அவர் உங்களுக்கு எழுதுவார். நம்பாதீர்கள். கொழும்பு டாக்டர் சோதித்துக் கையெழுத்திட்ட துண்டுக் கடிதம்தான் வேண்டும், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஐயாவுக்குக் கண்டிப்பாக எழுதுங்கள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். கடலுக்கு எனக்கும் பயம்தான். ஆனால் படகில் நான் அவர் பக்கத்தில் இருப்பேன், தோட்டத்தில் அவர் மறுபடி விழும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன்.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் தங்கை
தயாளினி