கர்த்தர் நிறுத்திய வண்டி

மண்ணூர்,
27.6.1991

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஓடுகிற வீட்டிலிருந்து உன் தங்கை மெர்சி எழுதுவது. ஓடுகிற வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். எங்கள் வேன் ஓடி மூன்று வாரமாகிறது. நானும் பியூலாவும் அவள் அப்பாவும் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நாசரேத்தில் மழை உண்டா?

திருவள்ளூர்ப் பக்கம் ஊழியத்தை முடித்துவிட்டுக் கோலாருக்குப் போகலாம் என்று பெங்களூர் ரோட்டைப் பார்த்து வந்தோம். மண்ணூர் வந்ததும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. கேஸ்கட் போய்விட்டதாம். லூர்தம்மாள் என்று ஒரு அம்மா, தன் வீட்டுப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொள்ளச் சொன்னாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மெக்கானிக் வந்து இன்ஜினைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பினான். சாமானுக்காக மெட்ராஸுக்கு நடையாய் நடந்து, நேற்றுதான் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான்.

இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை ஊரில் நின்றோம் என்று கேட்காதே. விராலிமலையில் ரேடியேட்டர் கொதித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் அது குடித்தது. உளுந்தூர்பேட்டையில் கிளட்ச் ஒயர் அறுந்தது. வேலூர் தாண்டி ஃபேன் பெல்ட் அறுந்தபோது என் பாவாடை நாடாவைத் திரித்துக் கட்டி இரண்டு மைல் உருட்டினோம். வண்டி நின்றால் வேறு பிள்ளைகளாயிருந்தால் குதித்து விளையாடப் போகும். பியூலா பின் சக்கரத்துக்குக் கல் தேடிப் போகிறாள்.

நின்ற ஊரிலெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான். கர்த்தர் இங்கே நிறுத்தியிருக்கிறார், இங்கே யாருக்கோ வசனம் தேவைப்படுகிறது. சொல்லிவிட்டுக் கைப்பிரதிக் கட்டோடு தெருவுக்குள் போய்விடுவார். கர்த்தர் நிறுத்துவார், நான் தண்ணீர் சுமப்பேன். அவரைக் குறை சொல்வதாக நினைக்காதே. காலையில் எனக்கு முன்னால் எழுந்து ஸ்டவ் பற்றவைத்துக் காப்பி போடுகிற மனுஷன். ஆனாலும் அக்கா, நான் களைத்துப் போய்விட்டேன். படுத்தால் இன்ஜின் சூடு முதுகில் ஏறுகிறது. குளிக்க ஒரு மறைவுக்காக அடுத்த வீட்டு முகத்தைப் பார்த்துப் பார்த்து வெட்கமே மரத்துப் போயிற்று.

போன மாதம் இந்தப் பக்கத்தில் நடந்த கொடுமையைப் பேப்பரில் படித்திருப்பாய். அதிலிருந்து வெளியூர் வண்டி என்றால் போலீஸ் விடுவதில்லை. எங்களையும் இரண்டு முறை சோதித்தார்கள். அவர்கள் வேலை அது. பாயைச் சுருட்டினார்கள், அரிசி டின்னைத் திறந்து பார்த்தார்கள். வந்த பெரிய அதிகாரி பியூலாவிடம் எந்த ஊர் பாப்பா என்று தன்மையாகத்தான் கேட்டார். நாசரேத் என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு "எங்க வூடு இதுதான் சார்" என்று வேனைத் தட்டிக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

வூடு என்றுதான் சொன்னாள். மூன்று வாரத்தில் இந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டது. லூர்தம்மாளின் மகளோடு தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். பேர் பதியாமலே பெரிய டீச்சர் மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து, ஒன்பது வயதில் இப்போதுதான் மறுபடி பெஞ்சைப் பார்க்கிறாள். பைபிளும் மைல்கல்லும் படித்த பிள்ளை, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே தூங்குகிறாள். சும்மா உட்கார வைப்பது திங்கட்கிழமையோடு சரி, அன்றைக்கு அப்பா வந்து கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்கிறேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். லூர்தம்மாளோ, "பின்னால ரூமு சும்மாதான் கீது. நீயும் புள்ளையும் இருந்துக்குங்க. சாம்சன் ஐயா சுத்திட்டு வரட்டும், யார் வாணாம்னாங்க?" என்கிறாள்.

இதை அவரிடம் நான் சொல்லாமலா இருப்பேன்? மூன்று தரம் ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள், ஜெபித்து முடிவெடுப்போம் மெர்சி என்று முழங்காலில் நின்றுவிடுகிறார். முழங்காலில் நிற்கிறவரோடு எப்படி அக்கா சண்டை போடுவது? நேற்று வண்டி ஸ்டார்ட் ஆனதும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார். வெள்ளிக்கிழமை விடியற்காலை கோலாருக்குப் புறப்பாடு என்றார். அதாவது நாளைக்கு. சக்கரத்தடியில் இருந்த கல்லை எடுக்கச் சொன்னபோது பியூலா காது கேட்காதவள் மாதிரி நின்றாள்.

இனி நான் எழுதுவதை அத்தானுக்குப் படித்துக் காட்டாதே.

இந்தக் கவருக்குள் துணியில் சுற்றி, கறுப்பாக, கட்டைவிரல் பருமனில் ஒன்று இருக்கும். ரோட்டர் என்று பேர். "இத்தினூண்டுதான்க்கா, இது இல்லாட்டி வண்டி குந்திக்கினே இருக்கும்" என்று மெக்கானிக் என் கையில் வைத்துக் காட்டியது. இன்று மத்தியானம் அவர் தெருவுக்குள் விடைபெறப் போயிருந்தபோது இன்ஜினில் அதன் மூடியைத் திறந்து உருவிவிட்டேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே இரண்டு வருஷம் போனவள், இதுகூடவா தெரியாது? என்னிடம் இருந்தால் அவர் முகம் வாடியதும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அதனால்தான் உனக்கு அனுப்புகிறேன். லூர்தம்மாள் தபாலாபீஸுக்குப் போகக் கிளம்பி நிற்கிறாள்.

நாளைக் காலையில் சாவியைத் திருப்புவார். பிறகு மூடியைத் திறந்து பார்ப்பார். இதைக் கர்த்தர் எடுத்தார் என்று அவராலும் சொல்ல முடியாது. என்னைத் திரும்பிப் பார்ப்பார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் கேட்டு நான் பதில் சொல்லப்போவது அதுதான் முதல் தடவை.

எங்கள் வண்டி தடையில்லாமல் ஓட வேண்டும் என்று நீ தினமும் ஜெபிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். உன் ஜெபத்துக்கு வல்லமை உண்டு அக்கா. தயவுசெய்து திங்கட்கிழமை வரைக்கும் அந்த ஜெபத்தை நிறுத்தி வை. அவர் முழங்காலில் நிற்கும் முன்னால் என் வாய் திறக்க வேண்டும் என்று மட்டும் கேள்.

உன் அன்புத் தங்கை,
மெர்சி